எட்டுக் கட்டளைகளில் அடங்கிய கம்பைலர்

நிரல் எழுதத் தெரிந்த பலருக்கும் கம்பைலர் ஒரு மூடிய பெட்டிதான். இந்தப் பக்கம் நிரலைப் போட்டால் அந்தப் பக்கம் இயங்கும் கோப்பு வரும். இடையில் நடப்பதெல்லாம் யாரோ பெரியவர்கள் பார்த்துக்கொள்ளும் வேலை. கல்லூரியில் அதை ஒரு பாடமாகவே படித்தும் எனக்குப் பெட்டி திறக்கவில்லை. பக்கம் பக்கமாக அட்டவணை போட்டோம், வட்டங்களை அம்புக்குறிகளால் இணைத்தோம், மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் '2 + 3 * 5' என்பதைப் படித்து 17 என்று சொல்லும் ஒரு நிரலை எழுது என்று அன்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

பல ஆண்டுகள் கழித்து பிஎல்/0 என்ற மிகச் சிறிய மொழியின் கம்பைலரை வரி வரியாகப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கற்றுக்கொடுப்பதற்கென்றே எழுதப்பட்ட குட்டிக் கம்பைலர்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் இதையே நான் முதலில் கைகாட்டுவேன்.

எழுதியவர் சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் விர்த். 1970-ல் பாஸ்கல் மொழியைத் தந்தவர். 1984-ல் டூரிங் விருது பெற்றார். 2024 ஜனவரி 1 அன்று காலமானார். 1976-ல் அவர் வெளியிட்ட பாடநூலின் கடைசி அத்தியாயத்தில் பிஎல்/0 வருகிறது. மொழியின் இலக்கணம், அதற்கான கம்பைலர், அந்தக் கம்பைலர் தரும் கட்டளைகளை இயக்கிக்காட்டும் ஒரு கற்பனை இயந்திரம் என மூன்றும் முழுமையாக அங்கேயே அச்சாகியிருக்கின்றன. எல்லாம் பாஸ்கலில், சில நூறு வரிகள்.

அந்தச் சில நூறு வரிகளின் அருமை தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1957-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு 18 ஆள்-ஆண்டுகள் உழைப்பு பிடித்தது என்று கணக்குச் சொல்வார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது எப்படி ஒரு பாடநூல் அத்தியாயமாகச் சுருங்கியது? முக்கியமான காரணம் இலக்கணம். ஆல்கால் 60 மொழியை வரையறுத்தபோது, ஜான் பேக்கஸ், பீட்டர் நார் ஆகியோர் பெயரால் அறியப்படும் எழுத்துமுறை நிலைபெற்றது. ஒரு மொழியில் எது சரியான வாக்கியம் என்பதைச் சின்னச் சின்னச் சூத்திரங்களாக எழுதிவிடலாம் என்றாயிற்று. நன்னூல் படித்தவர்களுக்குச் சூத்திரத்தின் சிக்கனத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே கூடுதலாக ஒரு லாபமும் உண்டு: சூத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே கம்பைலரை எழுதிவிடலாம்.

பிஎல்/0-வில் இருப்பது முழு எண் மட்டும். பின்னம் கிடையாது, சரம் (எழுத்துத் தொடர்) கிடையாது, அணி (மதிப்புகளின் வரிசை) கிடையாது. செயற்கூறுகளுக்கு, அதாவது பெயரிட்டு அழைக்கும் நிரல் துண்டுகளுக்கு, உள்ளீடு அனுப்ப முடியாது. 'இல்லையென்றால்' (எல்ஸ்) என்ற கிளை இல்லை. திரையில் எழுதும் கட்டளைகூட மூல வடிவத்தில் இல்லை. பிறகு விடை எப்படித் தெரியும்? ஒரு மாறியில் மதிப்பை வைக்கும் ஒவ்வொரு முறையும் கற்பனை இயந்திரம் அந்த மதிப்பைத் தானாகவே அச்சிட்டுவிடும். முரட்டு வழிதான், ஆனால் வேலை நடக்கிறது. மொழி தனக்கென்று ஒதுக்கிவைத்திருக்கும் சிறப்புச் சொற்கள் மொத்தம் 11.

இத்தனையையும் வெட்டி எறிந்தவர் இரண்டு விஷயங்களில் மட்டும் கை வைக்கவில்லை. செயற்கூறுக்குள் செயற்கூறு எழுதலாம். ஒரு செயற்கூறு தன்னைத் தானே அழைக்கலாம். கம்பைலர் எழுதுபவருக்குத் தலைவலி தரும் இடங்கள் இவைதான். எளிதானவற்றை நீக்கிவிட்டுக் கடினமானவற்றை வைத்திருக்கும் இந்தத் தேர்வினால்தான் பிஎல்/0 பொம்மையாகிவிடாமல் பாடமாக நிற்கிறது.

இனி ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடப்போம்.

அ := 2 + 3 * ஆ

கம்பைலருக்கு இது முதலில் வெறும் எழுத்து வரிசை. செய்யுளுக்குப் பொருள் காண்பவர் முதலில் பதம் பிரிப்பது போல இதுவும் பிரிக்கிறது: 'அ', ':=', '2', '+', '3', '*', 'ஆ'. இந்தத் துண்டுகளுக்கு டோக்கன் என்று பெயர். பாடநூல் தமிழில் 'வில்லை' என்பார்கள்; ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய நமக்கு டோக்கனே போதும். பிரிக்கும் வேலையை ஒரே ஒரு செயற்கூறு பார்க்கிறது. இடைவெளிகளைத் தாண்டும். எழுத்தில் தொடங்கினால், எழுத்தோ இலக்கமோ வந்துகொண்டிருக்கும் வரை சேர்த்துக்கொண்டே போய், சேர்ந்தது சிறப்புச் சொல்லா, நாம் வைத்த பெயரா என்று பார்க்கும். இலக்கத்தில் தொடங்கினால் எண். ':' வந்தால் அடுத்தது '=' தானா என்று எட்டிப் பார்க்கும்.

'தாமரை' பூவா, 'தா, மரை' என்று பிரியுமா என்ற பொதுமொழிச் சிக்கல் இங்கே எழாது. முடிந்த வரை நீளமாக எடுத்துக்கொள் என்பதே விதி. ஆனால் தமிழ்ப் பெயர்களை ஏற்கும் கம்பைலரை எழுதப் புறப்படுபவர் முதல் நாளே வேறொரு சுவரில் மோதுவார். நம் கண்ணுக்கு 'கி' ஓர் எழுத்து. யூனிகோடில் அது 'க' என்ற எழுத்தும் அதன்மேல் ஏறும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். பல நிரல் மொழிகளில் 'இது எழுத்தா?' என்று கேட்கும் செயற்கூறு 'க'வுக்கு ஆம் என்றும் இகரக் குறிக்கு இல்லை என்றும் சொல்லும். புள்ளிக்கும் அதே கதிதான். கவனிக்காமல் விட்டால் 'கிளி' என்ற பெயர் பாதியிலேயே அறுந்துபோகும்.

டோக்கன் பிரித்தாயிற்று. அடுத்தது இலக்கணம் பார்ப்பது. பிஎல்/0-வின் இலக்கணத்தில் கணக்குக் கோவைக்கான பகுதியை மட்டும் தமிழில் எழுதுகிறேன். முன்னால் வரும் + அல்லது - அடையாளத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

கோவை: ஓர் உறுப்பு, அதன்பின் '+' அல்லது '-' வரும்போதெல்லாம் இன்னோர் உறுப்பு
உறுப்பு: ஒரு காரணி, அதன்பின் '*' அல்லது '/' வரும்போதெல்லாம் இன்னொரு காரணி
காரணி: ஓர் எண், அல்லது ஒரு பெயர், அல்லது அடைப்புக்குறிக்குள் ஒரு கோவை

இந்த மூன்று வரிகளை நிதானமாகப் பாருங்கள். பெருக்கலைக் கூட்டலுக்கு முன்னால் செய்ய வேண்டும் என்ற விதி இதில் எங்கே எழுதியிருக்கிறது? வெளிப்படையாக எங்கும் இல்லை. கோவை உறுப்புகளால் ஆனது, உறுப்பு காரணிகளால் ஆனது என்ற அடுக்கிலேயே அது அடங்கிவிடுகிறது. '3 * ஆ' முழுவதும் ஓர் உறுப்பு என்பதால், அது முடிந்து கைக்கு வந்த பிறகே கூட்டல் நடக்க முடியும். கல்லூரிக் கரும்பலகையில் நான் தேடிக் கிடைக்காமல் போனது இதுதான்.

விர்த் செய்தது, மூன்று சூத்திரங்களுக்கும் ஒன்றுக்கு ஒன்றாக மூன்று செயற்கூறுகள் எழுதியது. 'கோவை' செயற்கூறு 'உறுப்பு' செயற்கூறை அழைக்கும். 'உறுப்பு' 'காரணி'யை அழைக்கும். 'காரணி' அடைப்புக்குறியைக் கண்டால் மறுபடி 'கோவை'யை அழைக்கும். வட்டம் அங்கே முடிகிறது. எத்தனை அடைப்புக்குறிகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டாலும் இந்த மூன்றே போதும். ஒவ்வொரு கட்டத்திலும் கையில் இருக்கும் ஒரே ஒரு டோக்கனைப் பார்த்தே அடுத்த வழி முடிவாகிறது. திரும்பிப் போய் வேறு வழி பார்ப்பது என்பதே இல்லை. மொழியையே அதற்கு ஏற்றபடி வடிவமைத்திருக்கிறார்.

என் முதல் முயற்சியில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 'வரும்போதெல்லாம்' என்ற இடத்தில் மடக்கு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்) போடுவதை விட்டுவிட்டு, கழித்தல் குறிக்குப் பிறகு மீண்டும் 'கோவை'யையே அழைத்துவிட்டேன். அழகாகவும் சுருக்கமாகவும் இருந்தது. 10 - 4 - 3 என்று கொடுத்தேன். 9 என்றது. நிரல் எங்கேயும் முறியவில்லை, பிழைச் செய்தி இல்லை, விடை மட்டும் தவறு. என் செயற்கூறு அதை 10 - (4 - 3) என்று படித்திருக்கிறது. மடக்கு போட்டால் (10 - 4) - 3 ஆகி 3 வரும். கூட்டலை மட்டும் சோதித்துப் பார்த்திருந்தால் இந்தப் பிழை பல மாதம் ஒளிந்திருக்கும், ஏனென்றால் கூட்டலுக்கு இரண்டு வழியிலும் ஒரே விடைதான்.

இன்னொரு தவறான எண்ணமும் இங்கேதான் எனக்கு மாறியது. பாடநூல் படங்களில் கம்பைலர் ஒரு தொழிற்சாலை போல இருக்கும்: முதல் மேசையில் டோக்கன், இரண்டாம் மேசையில் இலக்கணம், மூன்றாம் மேசையில் கட்டளை என வரிசையாக நகரும். பெரிய கம்பைலர்களில் கிட்டத்தட்ட அப்படித்தான். பிஎல்/0-வில் நடப்பது கல்யாண வீட்டுச் சமையல். இலக்கணம் பார்க்கும் பகுதிதான் தலைமைச் சமையல்காரர். அவர் கேட்கக் கேட்க ஒருவர் டோக்கனை நறுக்கிக் கொடுக்கிறார்; அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் கட்டளையை எழுதிக்கொள்கிறார். நிரலை ஒரே ஒரு முறை, மேலிருந்து கீழே படித்து முடிக்கும்போது கட்டளைகளும் தயாராக இருக்கும்.

கட்டளைகள் யாருக்கு? நிஜச் செயலிக்கு எழுதினால் அதன் நெளிவு சுளிவுகளிலேயே பாடம் தொலைந்துபோகும். அதனால் விர்த் ஓர் அடுக்கு இயந்திரத்தைக் கற்பனை செய்தார். தோசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்தே எடுப்பது போல, எண்களை மேலேதான் வைக்கலாம், மேலிருந்துதான் எடுக்கலாம். அதற்கு மொத்தம் எட்டே கட்டளைகள். மூலப் பெயர்கள் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கங்கள். நான் தமிழில் இப்படி வைத்துக்கொள்கிறேன்: எண்ணிடு, எடு, வை, கணக்கிடு, அழை, ஒதுக்கு, தாவு, பொய்யெனில் தாவு. கூட்டல், கழித்தல், ஒப்பீடு, செயற்கூறிலிருந்து திரும்புதல் எல்லாம் 'கணக்கிடு' என்ற ஒரே கட்டளைக்குள் எண் போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 2 என்றால் கூட்டல், 4 என்றால் பெருக்கல்.

நம் வரிக்குக் கிடைப்பது இது:

எண்ணிடு 2
எண்ணிடு 3
எடு ஆ
கணக்கிடு 4
கணக்கிடு 2
வை அ

ஆ-வின் மதிப்பு 5 என்று வைத்துக்கொண்டு காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள். அடுக்கில் 2 ஏறும், அதன்மேல் 3, அதன்மேல் 5. பெருக்கல் மேலிருக்கும் இரண்டை எடுத்து 15 வைக்கும். கூட்டல் 2-ஐயும் 15-ஐயும் எடுத்து 17 வைக்கும். அது அ-வுக்குப் போகும், அடுக்கு காலியாகும். இந்தக் கட்டளைகளை எழுதுவதற்குத் தனியாக மூளை எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். 'காரணி' எண்ணைக் கண்டால் 'எண்ணிடு' எழுதும், பெயரைக் கண்டால் 'எடு' எழுதும். 'உறுப்பு' இரண்டாவது காரணி முடிந்ததும் பெருக்கலை எழுதும். அவ்வளவே.

மடக்குக்கு வரும்போது ஒரு புதிய சங்கடம். நிபந்தனை பொய்யானால் மடக்கைத் தாண்டி அப்பால் தாவ வேண்டும். ஆனால் 'அப்பால்' எத்தனையாவது கட்டளை என்பது மடக்கின் உடலை இன்னும் படிக்காத நிலையில் தெரியாது. புத்தகம் எழுதுபவர் 'பக்கம் ___ பார்க்க' என்று இடம் விட்டுவைத்து, அச்சுக்குப் போகும்போது எண்ணை நிரப்புவார் இல்லையா, அதே தந்திரம்தான். 'பொய்யெனில் தாவு 0' என்று எழுதி, அந்தக் கட்டளை எத்தனையாவது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. உடலை எழுதி முடித்து, தொடக்கத்துக்குத் திரும்பும் 'தாவு' ஒன்றையும் எழுதிய பிறகு, பழைய இடத்துக்குப் போய் 0-வை அழித்துச் சரியான எண்ணைப் போடுகிறது.

பெயர்களைத் தேடும் விதத்தில் எனக்குத் தனி ரசனை உண்டு. மாறி, மாறிலி, செயற்கூறு எனப் பார்க்கும் பெயர்களையெல்லாம் ஓர் அட்டவணையில் வரிசையாகச் சேர்த்துக்கொண்டு போகும். தேடும்போது கடைசியிலிருந்து முதலை நோக்கித் தேடும். வெளியே ஓர் 'அ', உள்ளே இருக்கும் செயற்கூறில் இன்னோர் 'அ' இருந்தால், உள்ளே இருப்பது பின்னால் சேர்ந்தது என்பதால் முதலில் கண்ணில் படும். அந்தச் செயற்கூறு முடிந்ததும் அட்டவணையின் முடிவுக் குறியைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டால் உள்ளே இருந்த பெயர்கள் மறைந்துபோகும். தேடும் பெயரை முன்கூட்டியே பூஜ்யமாவது இடத்திலும் எழுதி வைத்துவிடுவதால், அட்டவணையில் இல்லாத பெயருக்கும் தேடல் அங்கே வந்து நின்றுவிடும். 'எல்லை தாண்டிவிட்டோமா' என்று ஒவ்வொரு அடியிலும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு செயற்கூறு அழைக்கப்படும்போது அடுக்கில் அதற்கென்று முதலில் மூன்று இடங்கள் ஒதுக்கப்படும். அதன் மாறிகள் அதற்குப் பின்னால்தான். அந்த மூன்றில் ஒன்று, திரும்பிப் போக வேண்டிய கட்டளையின் எண். இன்னொன்று, அழைத்தவரின் இடம் அடுக்கில் எங்கே தொடங்குகிறது என்பது. மூன்றாவதுதான் புதிதாகப் படிப்பவர்களைக் குழப்பும்: இந்தச் செயற்கூறு எதற்குள் எழுதப்பட்டதோ, அதன் இடம். இரண்டும் ஒன்றில்லையா? கடிதம் கொண்டுவந்தவரிடம் 'உங்களை அனுப்பியது யார்?' என்பதும் 'நீங்கள் எந்த ஊர்?' என்பதும் வேறு வேறு கேள்விகள். ஒரு செயற்கூறு தன்னைத் தானே ஐந்து முறை அழைத்திருந்தால் அனுப்பியவர் ஒவ்வொரு முறையும் மாறுவார், ஊர் மாறாது. வெளியே அறிவிக்கப்பட்ட மாறி வேண்டுமென்றால் ஊர் வழியாகப் போய்த்தான் தேட வேண்டும். இந்தப் பகுதி முதல் வாசிப்பில் புரியாவிட்டால் கவலைப்படாதீர்கள். ஐந்து கட்டம் போட்டுக் கையால் ஓட்டிப் பார்க்காமல் எனக்கும் புரியவில்லை.

விர்த்தின் நிரலில் நான் தொடக்கத்தில் தவிர்க்கச் சொல்வது பிழை மீட்புப் பகுதி. ஒரு பிழையைக் கண்ட பிறகும் நிற்காமல், எந்த டோக்கனிலிருந்து மறுபடி தொடரலாம் என்று பார்த்துத் தாண்டிச் செல்லும் ஏற்பாடு அது. துளை அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் பட்டியலுக்காகக் காத்திருந்த காலத்தில் அது அவசியம். ஒரே ஓட்டத்தில் எல்லாப் பிழைகளும் தெரிய வேண்டும். இன்று அடுத்த நொடியே மறுபடி ஓட்டலாம். முதல் பிழையிலேயே நின்றுவிடும்படி மாற்றினால் படிக்க வேண்டிய வரிகள் கணிசமாகக் குறையும்.

பாஸ்கலைப் படிக்கப் பிடிக்காதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. ஜாக் கிரென்ஷா 1988-லிருந்து 1995 வரை 16 பகுதிகளாக எழுதிய தொடர் கோட்பாடே பேசாமல் நேராக வேலையில் இறங்கும். அதுவும் பாஸ்கல்தான், ஆனால் பேசும் தொனியில் ஒரு நண்பர் பக்கத்தில் அமர்ந்திருப்பது போல இருக்கும். சி மொழிக்காரர்களுக்கு ரான் கெயினின் ஸ்மால்-சி இருக்கிறது. 1980 மே மாதம் டாக்டர் டாப்ஸ் ஜர்னல் இதழில் வெளியான அது தன்னைத் தானே கம்பைல் செய்துகொள்ளக்கூடியது. இன்றைய சி வேண்டுமென்றால் ருயி உவெயாமாவின் சிபிசிசி. அதன் முடிந்த வடிவத்தைவிட, ஒவ்வொரு படியாக அது வளர்ந்த மாற்றப் பதிவுகளைத் தொடக்கத்திலிருந்து படிப்பதில்தான் பயன். தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதும் 'எழில்' மொழியின் மூலமும் திறந்தே கிடக்கிறது. அது பைத்தானில் எழுதப்பட்ட, நிரலை நேரடியாக இயக்கும் வகை. ஆனால் டோக்கன் பிரிப்பதும் இலக்கணம் பார்ப்பதுமான முன்பாதி வேலை அதற்கும் உண்டு.

இவை எதுவும் வேகமான நிரலைத் தருவதற்காக எழுதப்பட்டவை அல்ல. நிஜச் செயலிக்குள் இருக்கும் பதிவகங்களை (மதிப்புகளை வைக்கும் சிறு இடங்களை) பங்கிடுவது, வீண் கணக்குகளை நீக்குவது, வகைகளைச் சரிபார்ப்பது போன்றவற்றைப் பிஎல்/0 தொடுவதே இல்லை. அதற்கெல்லாம் வேறு இடம் போக வேண்டும்.

படித்து முடித்த கையோடு ஏதாவது ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். என் பரிந்துரை, இல்லாத அந்த 'எல்ஸ்' கிளை. புதிய கட்டளை எதுவும் வேண்டாம், எட்டே போதும். 'உண்மையென்றால்' பகுதி முடிந்ததும் கையில் இருக்கும் டோக்கன் 'எல்ஸ்' என்றால் 'தாவு 0' ஒன்றை எழுதி அதன் இடத்தை நினைவில் வையுங்கள். முன்பு விட்டுவைத்த 'பொய்யெனில் தாவு' வெற்றிடத்தை இப்போது நிரப்புங்கள். 'எல்ஸ்' பகுதியை எழுதி முடித்து இரண்டாவது வெற்றிடத்தையும் நிரப்புங்கள். ஓட்டிப் பார்த்ததும், சேர்த்த சொல்லைக் கம்பைலர் அடையாளமே காணாமல், அதை நீங்கள் வைத்த ஏதோ ஒரு பெயர் என்று எண்ணிச் சம்பந்தமில்லாத பிழை ஒன்றைச் சொல்கிறதா? சிறப்புச் சொற்களின் பட்டியலைப் பாருங்கள். புதிய சொல்லைக் கடைசியில் ஒட்டியிருப்பீர்கள். அந்தப் பட்டியலில் நடப்பது பாதி பாதியாக வெட்டித் தேடும் தேடல். ஆங்கில அகரவரிசைப்படி 'டூ'வுக்கும் 'எண்ட்'டுக்கும் நடுவில்தான் 'எல்ஸ்' உட்கார வேண்டும்.